நான் ராணி வேஷம் கட்டி ஆள் சேர்த்தது

சீனாக்காரன் சண்டைக்கு வந்த சமயம். பெண்களை ஊர்க்காவல் படைக்குச் சேர்க்க ராமநாதபுரம் கடைத்தெருவில் பந்தல் போட்டு ஓர் அதிகாரியம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம். பெயர் கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. எனக்குச் சேர ஆசை. மாமியார் ஒரே பேச்சாக ஆகாது என்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்து டீச்சரம்மாதான் யோசனை சொன்னார். வெள்ளைக்காரனை எதிர்த்து வாள் எடுத்த நம் சீமை ராணியைப்போல ஒருத்திக்கு வேஷம் கட்டித் தெருத்தெருவாக அனுப்ப வேண்டுமாம். எங்கள் தெருவில் நல்ல உயரம் நான்தான். என் வீட்டுக்காரருக்குக் குதிரை வண்டித் தொழில். குதிரைக்கும் அலைய வேண்டாம். வேஷத்துக்கு மட்டும் மாமியார் சம்மதித்தார்.

நாடகக்காரர்களிடம் வாங்கிய வெல்வெட் சட்டை, தகர வாள், ஜிகினா கிரீடம். எல்லாம் மாட்டியதும் டீச்சரம்மா என் பொட்டை அழிக்க வந்தார். "அந்த ராணி புருஷனைப் பறிகொடுத்த பிறகுதானே சண்டைக்குப் போனாங்க?"

மாமியார் பாய்ந்துவிட்டார். "எம்மகன் குத்துக்கல்லாட்டம் குதிரையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான், அவன் கண்ணு முன்னாடியே பொட்ட அழிப்பியளோ? சரித்திரத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கங்க டீச்சரம்மா!" சொன்ன கையோடு பெரிய பொட்டாக வைத்து, தலை நிறையக் கனகாம்பரமும் சூட்டி அனுப்பினார்.

வண்டி இழுத்துப் பழகிய குதிரை, சவாரி இறங்குகிற இடமெல்லாம் தானாக நின்றது. நின்ற இடமெல்லாம் பெண்கள் மொய்த்தார்கள்.

"ஏத்தா, படையில சேந்தா இந்தச் சட்ட குடுப்பாகளா?"

"வந்து கேளுங்க" என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

ஒன்பது பேர் பந்தல்வரை பின்னாலேயே வந்தார்கள். அதிகாரியம்மா பெட்டியைத் திறந்து காக்கித் துணியை எடுத்து விரித்தார்.

"தபால்காரர் துணியால்ல இருக்கு! வெல்வெட்டு எங்க?" என்றாள் ஒருத்தி. ஏழு பேர் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். மிச்சம் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

"நீ சேர்றியா? நீ சேந்தா நாங்களும் சேர்றோம்."

வேடிக்கை பார்க்கப் பந்தல்வரை கூடவே வந்திருந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் அந்தத் துணியைக் கசக்கினார், இழுத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"கெட்டித் துணி. இவ போடுற போடுக்குத் தாங்கும்" என்றார். பிறகு அதிகாரியம்மாவிடம், "எழுதிக்கங்க தாயி."

கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதை அவசரப்படாமல், ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினேன். அதற்குக் கீழே அந்த இருவரும் கைநாட்டு வைத்தார்கள்.