குகனின் நீல ரீம்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாரா வாரம் இந்த இடத்தில் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம். இன்று விளையாட்டைப் பற்றி வேறு எழுதப்போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனி எங்கள் பக்கத்து அஜின்கோர்ட்டில் முடி வெட்டப் போயிருந்தேன். கடை ரீவியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல். சீசன் முடிந்து, இரண்டு அணிகள் ‘போல்’ எனும் கிண்ண ஆட்டத்துக்குப் போகின்றனவாம்.

“அண்ணை, உது உங்களுக்கு விளங்குமோ?” என்றார் கடைக்காரர்.

“இல்லைத் தம்பி. ஆனா ஒருக்கால் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறன்.”

ஊரை விட்டு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் நானும் குகனும் ஒரே அறையில் இருந்த முதல் குளிர்காலம் அது. நான் வாய் திறக்காத ஆள். இருவருக்கும் சேர்த்து அவனே பேசுவான். அந்த மார்கழியில், தமையன் கூப்பிட்டார் என்று மொன்றியலுக்கு பஸ் ரிக்கெட் எடுத்துவிட்டான். ‘போகாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ், புதுவருஷத்துக்கு மறுநாள். புதுவருஷத்தன்று அமெரிக்க பஃபலோ சானலில் ஒரு போல் ஆட்டம். பேப்பரில் படம் பார்த்து, நீல உடுப்பு அணியைத் தன்னுடைய ‘ரீம்’ என்றான் குகன். ஏன்? ஊரில் அவனுடைய பள்ளிக்கூட நிறம் நீலம்!

“நீலம் தோத்தா நான் போகேல்லை. சரியோ மச்சான்?”

பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குப் பகிடியாக இல்லை.

ரீவியில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை. ஊர் கிரிக்கெட் மச்சில் செய்வதுபோல் குகன் சட்டியில் கரண்டியால் அடித்தான். நான் வெள்ளைக்குக் கத்தினேன். சட்டம் தெரியாது — பந்து எங்கே என்றே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் குத்தினார்.

“டேய், உனக்குக் குரல் இருக்கோ?” என்றான் குகன்.

வெள்ளை வென்றது. துள்ளினேன். அப்போது திரையில் வென்ற கல்லூரியின் பெயர் வந்தது... பேப்பரில் குகன் பிடித்த அதே பெயர்!

ஒரு அணிக்கு இரண்டு உடுப்பு இருக்கும், அன்று வெள்ளையைப் போட்டு வருவார்கள் என்று யார் கண்டது? எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஒரே நிறம்தானே, சாகும்வரை.

ஆக, அவனுடைய அணிதான் வென்றது. அவன் போகலாம். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

குகன் சட்டியைக் கீழே வைத்தான்.

“நான் பேருக்கோ கத்தினனான்? நீலத்துக்கெல்லோ. நீலம் தோத்திட்டுது.”

‘இரு’ என்று சொல்லத் தெரியாதவனுக்கும், ‘இருக்கிறன்’ என்று சொல்லத் தெரியாதவனுக்கும் ஒரு விளையாட்டு தேவைப்படுகிறது.

மறுநாள் பனி கொட்டியது. மொன்றியல் பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது. குகன் என்னோடு வேலைக்கு வந்தான்.