கோல் கம்பத்துக்குப் பாரமாக நாலு அப்பாக்கள்

நஜாத் அக்காவுக்குக் கால்பந்து சுத்தமாகப் பிடிக்காது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. தும்யாத் நகரத்து இளைஞர் மையம் ஒன்றில் சாமான் அறைச் சாவி வைத்திருக்கும் உத்தியோகம் அவருக்கு. நாலு வருடத்துக்கு முன், சிறுவர் லீக்கிலிருந்து ஒரு தாள் வந்தது: பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயரை எழுதி அனுப்பவும். ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அக்கா டீ எடுத்துவரப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் பெயர் எழுதியாகிவிட்டது.

எழுதினவர்கள் பிறகு தலையில் அடித்துக்கொண்டார்கள். கழுத்தில் சங்கிலியோடு ஒரு பயலும் மைதானத்தில் கால் வைக்க முடியாது. தலையில் அடிபட்டவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்துத் திரும்ப ஓடவிடுவது அதுவரை வழக்கமாக இருந்தது. அக்கா வந்தபின், தலையில் அடி என்றால் அன்றைக்கு பெஞ்சுதான். ஆட்டம் முடிந்தால், தாளில் பெயர் உள்ளவர் கையில் மட்டுமே பிள்ளை போகும். கறிக்கடை ஸக்லூல் ஒருமுறை மகன் ஸியாதைக் கூட்டிப்போக வந்தார். தாளில் மனைவி பெயர் மட்டும்தான் இருந்தது. பெற்ற அப்பனையே முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டார் அக்கா. அன்றிலிருந்து அவரைக் கண்டாலே வம்பிழுக்க ஸக்லூலுக்கு வாய் துறுதுறுக்கும்.

ஆட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் அக்கா காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். கோல் சட்டத்தைத் தரையோடு பிடித்திருக்கும் இரும்பு முளைகளை ஒவ்வொன்றாகச் செருப்புக் காலால் மூன்று உதை உதைப்பார். அசைந்தால் சுத்தியல். கோல் போட்டால் குறுக்குக் கம்பியில் குரங்கு மாதிரித் தொங்குவது பயல்களுக்கு ஒரு வியாதி. எவ்வளவு திட்டியும் தீரவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அந்த வெள்ளிக்கிழமை சறுக்கியது. முந்தின நாள் அவருடைய தங்கை மகளுக்கு அதே மைதானத்தில் கல்யாணம். மேடை போட வடக்குப் பக்கத்துக் கோல் இடைஞ்சலாக இருந்தது. பந்தல்காரன் வந்து, "அக்கா, முளையைப் பிடுங்கி பந்தல் கயித்துக்கு அடிச்சுக்கவா?" என்று கேட்டான். கல்யாண வீட்டுக் குஷி! "எடுத்துக்கோடா ராசா, காலையில திரும்ப அடிச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குலவையிடப் போய்விட்டார்.

மறுநாள், கல்யாணத்தில் ஆடி வீங்கின காலோடு அவர் வந்து சேர்ந்தபோது இரண்டு அணியும் களத்தில் நின்றன. அவசரமாகப் போய் உதைத்தார். கால் வெறும் குழியில் இறங்கியது. எட்டு முளையும் பந்தல் லாரியோடு போயிருந்தன. கோலை யாரோ பழைய இடத்துக்கு நகர்த்திவைத்ததோடு சரி. பந்தல்காரனுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை.

யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு ஆட்டம். சொன்னால் மானம் போகும். நாலு வருடமாக மிரட்டின வாய் நாளைக்குச் செல்லாக்காசு. அப்போது ஸியாத் ஓடிவந்து, "அத்தை, என் கயிறைக் கட்டிவிடுங்க" என்று ஷூவை நீட்டினான். குனிந்து இரட்டை முடிச்சுப் போட்டார். நிமிர்ந்ததும் நேரே நடு மைதானத்துக்கு நடந்தார்.

"ஆட்டம் கிடையாது! கோலுக்கு முளை இல்ல."

"அக்கா, தொழுகைக்கு முன்னாடி முடிக்கணும். இல்லேன்னா லீக் சட்டப்படி ஆட்டம் வந்திருக்கிற அணிக்குப் போயிடும்" என்றார் நடுவர் வஹீத்.

ஓரத்திலிருந்து ஸக்லூல் எழுந்தார். "என்னக்கா, இப்ப கோலுக்கும் அடையாள அட்டை கேக்குறீங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "முளையை எடுத்துட்டுப் போகச் சொன்னதே நான்தான். கல்யாண மயக்கத்துல புத்தி கெட்டுப்போச்சு. தப்பு என்னோடது. போதுமா?"

"கல்யாணத்துல ஆடினது நீங்க, தண்டனை எங்க பசங்களுக்கா?" என்றார் ஸக்லூல்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க எடை என்ன?"

"நூத்தி முப்பது. ஏன்?"

"வாங்க. வந்து உக்காருங்க."

கோலின் பின்பக்கத் தரைக்கம்பியில், வலைக்கு வெளியே, ஸக்லூல் உட்கார்த்தி வைக்கப்பட்டார். பக்கத்தில் இன்னும் மூன்று கனத்த அப்பாக்கள். "விசில் ஊதற வரைக்கும் எவனும் எழுந்திரிக்கக் கூடாது!" ஊரே கைபேசியில் படம் எடுத்தது. யாரோ நாலு பேருக்கும் ஜிலேபி மாதிரி பாகில் ஊறின சூடான முஷப்பக் கொண்டுவந்து தந்தார்கள். ஸக்லூல் பாகு வழிய வழிய, "பதவின்னா இதுதான்டா" என்று கத்தினார்.

கடைசி நிமிடம். ஸியாத் இரண்டு பேரை ஏய்த்துப் பந்தை வலைக்குள் தள்ளினான். மூன்று அப்பாக்களும் துள்ளி எழுந்துவிட்டார்கள். பின்னே, எழாமல் இருக்க அவர்கள் என்ன கல்லா! ஸக்லூலும்தான் எழப் பார்த்தார். அவ்வளவு தாழ்வான கம்பியிலிருந்து தொந்தி விடவில்லை. அதற்குள் ஸியாத் ஓடிவந்து குறுக்குக் கம்பியில் தாவித் தொங்கி, காலை உதறி ஆடினான்.

ஸக்லூலுக்கு அடியில் இருந்த இரும்பு மேலே எழும்பியது. ஒரு விரற்கடை. அவரையும் சேர்த்துத் தூக்கியது.

"உக்காருங்கடா பாவிங்களா!" அக்கா வீங்கின காலோடு ஓடிவந்து அவர் பக்கத்தில் தொப்பென்று விழுந்தார். கம்பி தரையில் இறங்கியது. பயல் குதித்து ஓடிவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஊர் கும்மாளம் போட்டது. ஸக்லூல் மட்டும் இரண்டு கையாலும் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா... தூக்கிருச்சு. என்னையே தூக்கிருச்சு."

"தெரியும்."

"நான் எந்திரிச்சிருந்தா?"

அக்கா கம்பியில் ஒட்டிக்கிடந்த முஷப்பக்கை எடுத்து, தூசி தட்டி, பாதியை அவரிடம் கொடுத்தார்.

அடுத்த வருடம் ஸக்லூலின் மூத்த மகள் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா சுத்தியலோடு வந்தார். மாமனாரான மனுஷன், கசங்கின கல்யாணக் கோட்டோடு, கோலின் பின்கம்பியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டும் அடிச்சாச்சு அக்கா" என்றார். "நீங்க ஒரு தடவை உதைச்சுப் பாத்துட்டா நான் எந்திரிச்சுப்பேன்."