மொட்டைமாடி அறையின் குறைகள்

நான்கு வீட்டுச் சாவி எப்போதும் இடுப்பில் இருக்கும். அதனால் தெருவில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்குகிறவள். குடியிருந்ததும் பின்சந்தில்தான். தையல்கடை போய்க் காபிக்கடை வந்தது, மாவுமில் போய் ஜிம் வந்தது, வாடகை ஏறிய ஏற்றத்தில் சந்தே காலியானது. இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். வேலை செய்ய அவள் வேண்டுமாம், தலைசாய்க்க மட்டும் இடமில்லையாம். என்ன நியாயமோ!

மூலைவீட்டு மொட்டைமாடி அறை காலியானதும் அவளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு ஜன்னல், ஒரு குழாய். ஒண்டிக்கட்டைக்கு அது போதாதா? வாடகைதான் எட்டவில்லை. வீட்டுக்காரம்மா ஆபீஸ் போய்விடுவதால், பார்க்க வருகிறவர்களுக்கு அறையைத் திறந்து காட்டுவது சாவியக்காதான். யாரும் குடிவராவிட்டால் வாடகை இறங்கும், இறங்கினால் நாமே கேட்டுவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் மேலே ஏறாது, மத்தியானம் வெக்கை தாங்காது, மழைக்கு ஒழுகும் என்று அளந்தாள். முழுப்பொய் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கண் மூக்கு வைத்தாள், அவ்வளவுதான். மூன்று மாதம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாயை எந்தச் சுவரோரம் விரிப்பது என்றுகூட முடிவுசெய்திருந்தாள், பாவம்.

நான்காம் மாதம் புது மோட்டார் வந்தது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உள்ளே ஏசி.

"வந்தவங்க ஒவ்வொருத்தரும் போன்ல குறையைச் சொல்லிட்டுப் போனாங்க. நல்லதாப் போச்சு, இல்லன்னா எனக்கு எங்க தெரியப்போகுது?" என்றார் வீட்டுக்காரம்மா. வாடகை ஒன்றரை மடங்கானது.

யாரைத் திட்டுவது? அன்று பாத்திரம் தேய்க்கும்போது சாவியக்கா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை ஓர் இளம் ஜோடி வந்தது. இந்த முறை அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர்களுக்கு இடம் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, எங்களுக்கும் நீங்களே வேலைக்கு வாங்களேன். காலைல ஆறு மணிக்கே வரணும். உங்க வீடு தூரமா?"

ஆறு மணிக்கு வருவதென்றால் நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டும். தூரம் என்று சொன்னால் வேறு ஆள் பார்ப்பார்கள். இந்த அறைக்குள் தினமும் ஒருதரம் கால்வைக்கும் கொடுப்பினையும் போய்விடும்.

"இல்லம்மா, பக்கத்துலதான்" என்றாள்.