செல்லூர் மாடல் தாலாட்டு

குழந்தை வளர்ப்பு வீடியோ போடும் ஒரு பெண் இன்று சொன்னார்: "குழந்தை தூங்குற ரூம்ல ஊசி விழுற சத்தம்கூட கேக்கக் கூடாது."

கமெண்டில் தாய்மார்கள் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு மதுரை செல்லூரில். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. நானும் எழுதினேன்: "எம்மக தறி ஓடுனாத்தான் தூங்குவா. கரண்டு போயி தறி நின்னுச்சுன்னா முழிச்சு அம்புட்டு அழுகை அழுவா."

லைக் குவிந்தது. வீட்டுக்காரர், "நம்ம பிள்ளை பேமஸாயிட்டா!" என்று தெருவெல்லாம் போனைக் காட்டிவிட்டு வந்தார்.

கடைசியில் அந்தப் பெண்ணே பதில் போட்டார்: "சூப்பர் சிஸ்டர்! தறிங்கறது எந்த கம்பெனி சவுண்ட் மெஷின்? லிங்க் அனுப்புங்க."

லிங்க் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து செல்லூருக்கு எந்த பஸ் என்று தெரிந்தவர்கள் அவருக்குச் சொல்லுங்கள்.