அண்ணன் பிடித்து வந்த மாங்கனி

தலத்தெருவில் கூடை சுமந்து மீன் விற்ற பவுனம்மாள், ஞானஸ்நானம் பெற்றபின் எதையும் அரைமனத்தோடு செய்ததில்லை. முதல்நாள் மீனை அன்றைய மீன் என்று சொல்லமாட்டாள். "நேத்துப் பிடிச்சதுங்க, வேணும்னா வாங்குங்க" என்பாள். உடன் விற்கும் பெண்கள், "இவ யாவாரம் பண்ண வந்தாளா, பாவமன்னிப்புக் கேக்க வந்தாளா?" என்று சிரிப்பார்கள். உள்ளும் புறமும் கர்த்தருக்கே என்பது அவள் தீர்மானம். ஒரே ஓர் ஆசை மட்டும் அந்தத் தீர்மானத்துக்கு அடங்காமல் நின்றது. மணமாகிப் பல ஆண்டுகளாகியும் அவள் மடியில் ஒரு பிள்ளை இல்லை.

2008ஆம் ஆண்டு மாங்கனித் திருவிழா வந்தது. சுவாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். அதைப் பிடித்து உண்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது ஊரார் நம்பிக்கை. விசைப்படகில் வேலை செய்த அவள் அண்ணன் தர்மராஜ் அன்று கடலுக்குப் போகவில்லை. நெரிசலில் இடிபட்டு, சட்டை கிழிந்து, எப்படியோ ஒரு பழத்தைப் பிடித்துவிட்டான். நேரே தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இந்தா பவுனு! ஒருத்தன் என் தோள்மேலயே ஏறிட்டான். விடுவனா நான்?"

பழத்தின் மணம் அவளை எட்டியது. கை தானாக நீண்டது. மறுகணம் அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"விக்கிரகத்துக்குப் படைச்சதை என் வாசல்ல கொண்டாராத. எடுத்துக்கிட்டுப் போயிடு."

"சாமிய விடு புள்ள. உனக்காகப் பிடிச்சது."

"உன் பழமும் வேணாம், உன் அருவருப்பும் வேணாம்."

"அருவருப்பா?" என்று மட்டும் கேட்டான் தர்மராஜ். பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு படியிறங்கினான்.

செய்தி எப்படியோ சபைக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கலைவாணன், "இதுவல்லவோ வைராக்கியம்!" என்று அவளைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். பவுனம்மாள் எழுந்து நின்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா. எனக்கு வாயூறிடுச்சு. கடிச்சுத் தின்னுடலாமான்னு தவிச்சேன். அந்தப் பயத்துலதான் அண்ணன்மேல எரிஞ்சு விழுந்தேன். கை மட்டுந்தாங்க சுத்தமா இருந்துச்சு."

போதகர் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, "முதல்ல அண்ணனைப் போய்ப் பாரும்மா" என்றார்.

அன்றே அண்ணன் குடியிருந்த கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். அண்ணன் அவளைக் கண்டும் எழவில்லை.

"பழத்தை நான் தின்னுருக்க மாட்டேண்ணே, அதுல மாத்தமில்ல. ஆனா உன்னைப் பேசுனது பாவம். மன்னிச்சுடு."

"நீ தின்னலைன்னு எனக்கு வருத்தமில்ல. என்னைப் பாத்துக் கைய ஒளிச்சியே, பவுனு. அதான் கண்ணுக்குள்ளயே நிக்குது." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போயிட்டு வா" என்றான்.

அதன்பின் அவன் தங்கையின் வாசலை மிதிக்கவில்லை. திருநாளுக்குத் திருநாள் அவள் போனாள். அண்ணி தண்ணீர் தந்தாள், அண்ணன் பேசவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை.

பிள்ளை வேண்டிக் கர்த்தரிடம் கேட்பதைப் பவுனம்மாள் நிறுத்திவிடவில்லை. ஆனால், முழங்காலிட்டதும் அண்ணன் பெயர்தான் முதலில் வந்தது. பல நாள் அவளுடைய ஜெபம் அந்தப் பெயரைத் தாண்டிப் போனதே இல்லை.