அண்ணிக்குப் பக்கத்து மேசை

அண்ணி தொங்கவிட்ட இரத்தக்குழாய் வளையம் முதன்முதலாகத் தளர்ந்தபோது நான் பக்கத்து மேசையருகே நின்றிருந்தேன். எலியின் நெஞ்சிலிருந்து எடுத்த பெருங்குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் தொங்கவிடுவோம். ஒரு மருந்தைச் சொட்டினால் வளையம் இறுகும். கணினித் திரையில் கோடு மேலே ஏறும். இன்னொரு மருந்தைச் சொட்டினால், உட்சுவர் சேதமில்லாமல் இருந்தால், தளரும், கோடு இறங்கும். என் கோடு ஏறும், இறங்காது. ஓராண்டாக இறங்கவில்லை. அண்ணியின் கோடோ அவர் வந்து சேர்ந்த மாதமே சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. “எறங்குது, பாரேன்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்த வாய் வலித்தது.

அவரை அந்த ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்தவளே நான்தான். என் அண்ணனுக்கு லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் ஈப்போவை அடுத்த லகாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவான். மருந்தியல் பட்டம் படித்த அண்ணி, கல்யாணமான புதிதில் வீட்டில் தனியாக வளைய வருவதைப் பார்த்து, ஈப்போவில் என் பேராசிரியரிடம் முதுநிலை ஆய்வுக்கு இன்னோர் இடம் இருப்பதாக நான்தான் சொன்னேன். பேராசிரியர் எனக்கு ஒரு காட்டு இலையைக் கொடுத்திருந்தார். அண்ணிக்கு, தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைக்கும், வெற்றிலை போன்ற காடுக் இலை. எங்கள் இலைகள் இரத்தக்குழாயைத் தளர்த்துமா என்பதுதான் இருவருக்கும் கேள்வி. ஒரே காரில் போவோம், ஒரே காரில் திரும்புவோம். போகும்போது பேச நிறைய இருக்கும். திரும்பும்போது நான் வானொலியைப் போட்டுவிடுவேன்.

அப்பா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகு ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குக் காவலாளியாகப் போனார். நான் ஆய்வில் சேர்ந்த நாளில், சாப்பாட்டுக்கடையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், “எம் மக மருந்து கண்டுபிடிக்கப் போறா” என்று சொன்னவர். வளையம் என்றால் என்னவென்று அவருக்கு விளங்காது. யாருக்கு இறங்கியது, யாருக்கு இறங்கவில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்.

“இன்னைக்கு எறங்குச்சா?”

“எறங்குச்சு மாமா,” என்பார் அண்ணி.

“ஒனக்கு?” என்று என் பக்கம் திரும்புவார்.

நான் குழம்பை ஊற்றிக்கொள்வேன். “விடுலா,” என்பார் அப்பா, ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு. “மருமகளுக்குக் கைராசி. நம்ம வீட்லருந்து ஒரு டாக்டர் வந்தா சரிதானே.” அந்த டாக்டர் நானில்லை என்று எப்போது முடிவானது என்று எனக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்ல, அவர் சாப்பாட்டுக்கடையில் சொல்லும் வாக்கியத்தில் மகள் போய் மருமகள் வந்துவிட்டாள்.

பொறாமைப்படுகிறவளைப்போல உற்றுப் பார்ப்பவர் உலகத்தில் யாரும் இல்லை. அண்ணி குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பை எப்படி அகற்றுகிறார், இடுக்கியை எங்கே பிடிக்கிறார், கொக்கியை நுழைக்கும்போது எப்படி மூச்சை அடக்குகிறார் என்று கண்கொட்டாமல் பார்த்தேன். ஏதாவது ஒரு தவறு அகப்படாதா என்றுதான் பார்த்தேன். அகப்படவில்லை. எத்தனையோ முறை அவரே, “வா, காட்டுறேன்” என்று கூப்பிட்டார். “தெரியும் அண்ணி” என்று சொல்லிவிடுவேன்.

அண்ணி கர்ப்பமானார். கொஞ்ச நாளில் இரத்தப்போக்கு கண்டு, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய கடைசிச் சோதனைத் தொகுதி அப்படியே நின்றது. அது முடிந்தால், முதுநிலையிலிருந்து நேராக முனைவர் ஆய்வுக்கு அவரை உயர்த்தப் பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். தயாரித்த சாறு அதிக நாள் தாங்காது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, “உன்னால் முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்று சொல்ல என் நெடுநாள் தோல்வியே போதிய காரணமாக இருந்தது. முடியும் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அண்ணிக்காக என்று சொன்னால் பொய். அந்த இலை என் கைக்கும் அடங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவருடைய மேசை முன்னால் நின்றேன். வளையத்தின் உட்சுவர் அத்தனை மென்மையானது. இடுக்கி முனை ஒருமுறை உரசினால் போதும், தளரும் சக்தி போய்விடும். யாருக்கும் தெரியாது. என் கைக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இடுக்கியை எடுத்ததும் என் விரல்கள் அண்ணியின் விரல்களைப்போலவே வளைந்தன. நான் களவாகப் பார்த்ததெல்லாம் கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கொழுப்பை எடுத்தேன், கொக்கியை நுழைத்தேன், மூச்சை அடக்கினேன். கோடு ஏறியது. காடுக் சாற்றைச் சொட்டினேன். கோடு இறங்கியது.

அண்ணியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“எறங்குச்சா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“எறங்குச்சு அண்ணி. நல்லாவே எறங்குச்சு.”

அந்தப் பக்கம் அழுகை. “நீ இருக்கிறதுனாலதான்லா எனக்கு எல்லாம் நடக்குது,” என்றார். என் வாழ்க்கையில் நான் வரைந்த மிக அழகான கோடு அவருடைய ஆய்வேட்டுக்குப் போகிறது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மீதியையும் முடித்துக் கொடுத்தேன். பிறகு அதே கையோடு என் இலைக்குத் திரும்பினேன். இப்போது என் வளையங்களும் வழக்கமான மருந்துக்கு ஒழுங்காகத் தளர்ந்தன. என் இலைக்கு மட்டும் அசையவில்லை. பழுது முழுக்க என் கையில் மட்டும் இல்லை. அந்த இலைக்கு அப்படியொரு சக்தியே கிடையாது. ‘விளைவு எதுவும் இல்லை’ என்று எழுதி முதுநிலைப் பட்டம் வாங்கினேன். அதுவும் அறிவியல்தான் என்றார் பேராசிரியர். அண்ணிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை என் தோளில் தூங்கவைத்துவிட்டு முனைவர் ஆய்வேட்டை எழுதி முடித்தார்.

இப்போது அவர் அண்ணனோடு லூமுட்டில் இருக்கிறார். அங்கே ஒரு கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறார். நான் சிம்பாங் பூலாயில் மருந்தகம் வைத்திருக்கிறேன். போன வாரம் அப்பாவுக்கு மருத்துவர் புது இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். எப்போது போடவேண்டும், முதல் சில நாள் படுக்கையிலிருந்து ஏன் மெதுவாக எழவேண்டும் என்று நிதானமாக விளக்கினேன். தலையாட்டினார். கடை வாசலுக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தார். காது மந்தம் என்பதால் ஒலியை எப்போதும் உரக்கத்தான் வைத்திருப்பார்.

“டாக்டரம்மா, இந்த மாத்திரைய எப்படிமா போடணும்?”

“ஒங்க மககிட்ட கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன். சொல்லுச்சு. இருந்தாலும்...”

“அப்ப அவ சொன்னதுதான். மருந்து விஷயத்துல நானே அவகிட்டத்தான் கேப்பேன்.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், பழைய சாப்பாட்டுக்கடைப் பெருமையோடு. அந்தப் பார்வைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். அதையும் எனக்கு அண்ணிதான் வாங்கித் தரவேண்டியிருந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நல்லவராக இருக்கவும் அண்ணிக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.