வாசலில் அடக்கிய இருமல்

1986 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கஜபதி மஸ்கட் வேலைக்குப் புறப்பட்டான். பம்பாய் ரயில் மாலை நாலு மணிக்குத்தான். ஆனால் அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டு வீட்டிலிருந்து காலெடுத்து வைக்க நல்ல நேரம் பத்தரை. மீதி நேரத்தை அவன் சென்ட்ரலில் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்பது, அவன் அம்மா தாட்சாயிணி தினக்காலண்டரைப் பார்த்தபோதே முடிவாகிவிட்டது.

இது இரண்டாவது புறப்பாடு. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே படியை அவன் தாண்டும்போது, மனைவி வரலட்சுமி ஒரே ஒரு தும்மல் தும்மினாள். பம்பாயில் ஏஜெண்ட் காணாமல் போனான். பதினோராம் நாள் கஜபதி அதே பெட்டியோடு திரும்பி வந்தான். போலீஸ் ஏஜெண்டைத் தேடியது. தாட்சாயிணி யாரையும் தேடவில்லை. குற்றவாளி வீட்டிலேயே இருந்தாள்.

வரலட்சுமிக்கு அமைதி இயல்பாக வருவதில்லை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் வயலில் பறித்த கீரையைக் கூடையில் வைத்துக் கூவி விற்றவள். அவள் முதல் தெருவில் கூவினால் மூன்றாவது தெருவில் அடுப்பில் பருப்பு ஏறும். அப்படிப்பட்டவளுக்குக் கஜபதி கிளம்பும் வாரம் பார்த்து விஷக்காய்ச்சல். தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை.

"அவன் கெளம்புற நேரத்துல வாயத் தொறக்காதம்மே," என்றாள் தாட்சாயிணி.

"தும்மல் இல்ல அத்தே. இருமல்தான்."

"ரெண்டும் ஒரே வகையறாதான். தெருமுனை தாண்டட்டும். அப்பால நாள் பூரா இருமிக்கோ."

கஜபதி பெட்டியைத் தூக்கினான். வரலட்சுமி கதவோரம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வலது கால் படியைத் தாண்டும்போது இருமல் வந்தது. மூக்கையும் பிடித்து அடக்கினாள். மறுபடி வந்தது, அடக்கினாள். மூன்றாவது தடவை, இடது விலாவுக்குள் பழைய துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது. கஜபதி தெருவைப் பார்த்து "வரேன்" என்றான். திரும்பிப் பார்ப்பதும் கூடாது என்பதால் பார்க்கவில்லை.

பிறகு அவள் மூச்சை இழுத்தபோது பாதிதான் வந்தது. இழுக்க இழுக்கத் தோள்பட்டை வரை குத்தியது.

"வாயுப் பிடிப்பு," என்று தாட்சாயிணி பெருங்காயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, சுளுக்கு வழிக்கும் துலுக்கானத்தை வரவழைத்தாள். துலுக்கானம் விளக்கெண்ணெயோடு வந்தார். முதுகில் இரண்டு இடத்தில் தொட்டார். அவள் உதட்டைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார்.

"இது என் வேலை இல்ல. சுளுக்குன்னா வலிக்கும், மூச்சு ஏன் இப்பிடி வாங்குது? ஒதடு நாவப்பழம் மாதிரி கீது. டாக்டராண்ட இட்டுகினு போங்க."

அவர் கூலி வாங்காமல் போனார். தாட்சாயிணிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் திருகாணிக் கம்பெனியில் வேலை செய்பவள். அன்று மதிய ஷிப்ட்டை விட்டுவிட்டு வரலட்சுமியை அம்பத்தூர் டாக்டரிடம் ரிக்‌ஷாவில் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கம் வைத்தார், இடது பக்கம் வைத்தார், மறுபடி இரண்டு பக்கமும் வைத்தார். இடது மார்பில் விரலால் தட்டினார். காலி எண்ணெய் டின் போலக் கேட்டது.

"காய்ச்சல்ல நுரையீரல் புண்ணாகியிருக்கு. இருமலை அடக்கினதுல ஓட்டை விழுந்து, காத்து வெளியே கசிஞ்சு நுரையீரலை அமுக்கிடுச்சு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏம்மா, இருமலை யாராவது அடக்குவாங்களா?"

"ஊட்டுக்காரர் ஊருக்குக் கெளம்புனாரு டாக்டர்," என்றாள் ஞானசௌந்தரி.

டாக்டர் இதைச் சீட்டில் எழுதவில்லை.

டாக்சி பிடித்தால் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும். ரயிலுக்குக் கேட் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியும் சென்ட்ரலுக்கு எதிரில்தான் என்பதால் எலெக்ட்ரிக் ரயிலிலேயே போனார்கள். சென்ட்ரலில் இறங்கும்போது மணி மூன்று இருபது. பம்பாய் ரயிலின் பிளாட்பார முனையில், பெட்டி மேல் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கஜபதி எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தோ, அண்ணாத்தே அங்கதான் கீறாரு. ஒரே ஓட்டமா போயி இட்டாந்துடறேன்."

வரலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"திரும்புனா... போச்சி... மறுபடி... பதினோரு நாள்."

"நீ செத்துட்டா?"

"லெட்டர் போடு."

 ஞானசௌந்தரி அவள் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டு, அவனுக்கு முதுகுப்புறமாகவே கூட்டிப்போனாள். பத்தடி நடப்பது, நிற்பது, பத்தடி நடப்பது. சாதத்தில் உப்பு போட்டோமா என்று வரலட்சுமிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் செருகி, மறுமுனையைத் தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்கள். பாட்டிலில் குமிழி வந்தது. உதட்டின் நீலம் இறங்கியது.

"இருமுங்க," என்றார் இளம் டாக்டர்.

வரலட்சுமி அக்கம்பக்கம் பார்த்தாள். மெதுவாக ஒன்று இருமினாள்.

"பலமா. அடக்கக் கூடாது. மணிக்கொரு தடவை இருமணும், அப்பத்தான் நுரையீரல் விரியும்."

இதைச் சாயங்காலம் பிளாஸ்க்கோடு வந்து சேர்ந்த தாட்சாயிணியிடமும் சொன்னார். டாக்டர் சொன்னால் தாட்சாயிணிக்கு வேதவாக்கு. ஆறு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து வார்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மணியாச்சி, இருமும்மே." பாட்டில் கொப்பளிக்கும். ஏழாம் நாள் எவ்வளவு இருமியும் குமிழி வரவில்லை. குழாயை எடுத்தார்கள்.

மஸ்கட்டுக்குப் போன கடிதங்களில், இங்கு அனைவரும் நலம், மழை பரவாயில்லை என்று இருந்தது. மறு ஐப்பசியில் வரலட்சுமி கீரைக் கூடையோடு தெருவில் இறங்கினாள். மூன்றாவது தெருவுக்குக் கேட்டது. அதன்பின் உறவில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், தாட்சாயிணி முன்கூட்டியே மருமகளைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவாள். அங்கே இருமிக்கொள்ளலாம்.

1988 ஆடியில், பட்டாபிராம்காரர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து வரும்போது, கஜபதி பேசிப் பதிந்து அனுப்பிய ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞானசௌந்தரி வீட்டு டேப்ரிக்கார்டரில் மூன்று பெண்களும் உட்கார்ந்து கேட்டார்கள். சௌக்கியம் விசாரித்தான், அடுத்த மாதம் பத்தாம் தேதி வருவதாகச் சொன்னான். 

"ஒண்ணு சொல்லணும், ரெண்டு வருசமா மனசுல கீது. அன்னிக்கு நான் தெருமுனை தாண்டுறதுக்குள்ள தும்மிட்டேன். ஒத்தத் தும்மல். அம்மாவுக்குத் தெரிஞ்சா பயணத்தையே ஏறக்கட்டிடும்னு துண்டால மூடிக்கினு போயிட்டேன். ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் கீறேன். வரலட்சுமி, நீதான் அன்னிக்கு மூச்சு காட்டாம நின்னுகினு இருந்தே. அத்தினி இருமல வெச்சிக்கினு எப்பிடி அடக்குனே? வந்து கேட்டுக்கறேன்."